இரவல் வாசனை

சோலைக்காட்டில் மூடுபனி இறங்கிவிட்டால் மரத்துக்கும் மரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. அப்படியொரு மழைநாளில் காட்டு விலங்குகளெல்லாம் நாவல் மரத்தடியில் கூடியிருந்தன. நடுவே கரடி தேனப்பன் ஈர மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! நாளைக்குக் காலையில தாய்மாருங்க குட்டிகளைக் கூட்டிக்கிட்டு உப்புமண்ணுக்குப் போகணும். முன்னால நடக்க ஒரு முன்னடி வேணும். அது யாருன்னு இன்னிக்கு ஓடிக் காட்டுங்க!"

மழைக்காலத்துப் புல்லில் தண்ணீர்தான் அதிகம். பால் கொடுக்கிற தாய்களுக்கு உப்பு கிடைக்காமல் நாக்கு தவித்துப்போகும். உப்புமண் இருப்பதோ காட்டின் மறுகோடியில். போகிற வழியில் ஒரு பெரும் பள்ளம். போன மழைக்கு ஒரு கடமான் குட்டி பனியில் வழி தெரியாமல் அதில் விழுந்து செத்துப்போய்விட்டது. அதற்கப்புறம்தான் இந்தக் குறியோட்டத்தை ஆரம்பித்தார்கள்.

ஓட்டத்துக்கு உப்புமண் போகிற வழியில் நாலு குறிகள். கோரைக்குட்டைச் சேறு, புனுகுப்பூனை உடம்பைத் தேய்க்கும் பாறை, வாசப்புல் மேடு, கடைசியில் குங்கிலிய மரம். எந்தப் பக்கமாகப் போவது என்பது அவரவர் சாமர்த்தியம். ஒவ்வொரு குறியிலும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வரவேண்டும். தேனப்பன் மோந்து பார்த்துச் சொல்லும். நிறம் பூசினால் மழை கரைத்துவிடும். வாசனை மயிருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

"மாமா, இவ்வளவு பெரிய மூக்கு இருக்கே, நீங்களே முன்னால போகலாமே?" என்றது காட்டுப்பன்றி கிளறன்.

"மூக்கு இருக்குடா. முழங்கால் இல்லையே!"

எல்லோரும் சிரித்தார்கள். கேளையாடு துடியன் மட்டும் சிரிக்கவில்லை. கேளையாடு என்றால் சின்ன மான். ஆபத்து என்று பட்டால் நாயைப்போலக் குரைக்கும். ஆகவே துடியனைக் காட்டில் எல்லோரும் 'பயந்தாங்கொள்ளி' என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த ஓட்டத்தில் ஜெயித்துவிட்டால் அப்புறம் யார் அப்படிக் கூப்பிடுவார்கள்?

"பாத்துக்கிட்டே இருங்க. உங்களையெல்லாம் நாளைக்கு நான்தான் கூட்டிக்கிட்டுப் போகப்போறேன்!" என்றது துடியன்.

"உன் கால் வேகமாத்தான் ஓடும். எந்தப் பக்கம் ஓடும்னுதான் தெரியாது!" என்று கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. சருகுமான் மிளகி. மான் குலத்திலேயே மிகச் சிறியது. உருவம் முயலளவு, வாய் மட்டும் யானையளவு.

தேனப்பன் உறுமியது. ஓட்டம் தொடங்கியது.

துடியன் பாய்ந்தது. கோரைக்குட்டையின் நாற்றச்சேறு நெற்றியில் ஏறியது. புனுகுப்பாறையும் கிடைத்துவிட்டது. அதுவரை எல்லாம் சரி. பாறையில் நெற்றியைத் தேய்த்துவிட்டுத் திரும்பினால், காட்டையே காணோம்!

முன்னால் வெள்ளை. பின்னாலும் வெள்ளை. துடியன் கொஞ்ச தூரம் போனது, திரும்பி வந்தது. வேறு பக்கம் போனது, பெரணிப் புதரில் முட்டிக்கொண்டது. கடைசியில் பாறையடியிலேயே ஒடுங்கி உட்கார்ந்துவிட்டது. எத்தனை நேரம் அப்படி இருந்ததோ தெரியாது.

பனிக்குள் யாரோ முணுமுணுத்துக்கொண்டு வந்தார்கள்.

"இந்த அட்டைங்களுக்கு என் கால்தான் கிடைச்சுதா? காலே குச்சி மாதிரி இருக்கு, அதுல என்ன ரத்தம் இருக்கும்னு..."

மிளகிதான்! மூக்கைத் தரையோடு ஒட்டி, மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தது.

"யாரு, துடியனா? என்னடா பாறையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கே? அடைகாக்கறியா?"

"மூச்சு வாங்கிக்கறேன்."

"வாங்கு, வாங்கு. நான் நாலையும் முடிச்சாச்சு! குங்கிலியம் பாரு, நெத்தி பூரா அப்பியிருக்கு!"

துடியன் அந்த நெற்றியைப் பார்த்தது. "மிளகி... எனக்கு வழி..." என்று தொடங்கியது. 'தெரியல' என்ற சொல் மட்டும் வெளியே வரவில்லை. "எனக்கு உடம்பு நடுங்குது" என்று மாற்றிச் சொன்னது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. பனியில் தவித்து நிற்கிறவரைப் பார்த்தால், பார்த்தவர் நெற்றியோடு நெற்றி வைத்து மெல்ல முட்டவேண்டும். 'நான் இருக்கிறேன்' என்று அர்த்தம். அதற்குத் துணைமுட்டு என்று பெயர். பகையாளி கேட்டாலும் மறுக்கமாட்டார்கள்.

மிளகி ஒரு வார்த்தைகூடக் கேலி பேசவில்லை. "குனி" என்றது.

துடியன் குனிந்தது. நெற்றியும் நெற்றியும் தொட்டன. நடுக்கம் கொஞ்சம் அடங்கியது. தலையை நிமிர்த்தியபோது துடியனின் மூக்கில் குங்கிலிய மணம் ஏறியது. வாசப்புல் மணமும் சேர்ந்து வந்தது. மிளகியிடமிருந்து வரவில்லை. தன் நெற்றியிலிருந்தே வந்தது!

"இன்னொரு தடவை முட்டு மிளகி. இன்னும் நடுங்குது."

முதல் முட்டில் துடியனிடம் கள்ளம் இல்லை. இரண்டாவதில் இருந்தது. மூன்றாவதில் அழுத்தித் தேய்த்தது. மிளகி கண்ணை மூடிக்கொண்டு பொறுமையாக நின்றது.

"இப்பப் பரவாயில்லையா? சரி, நீ மேட்டுக்குப் போ. நான் ஓடைச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே கீழ இறங்கறேன். அது நேரா நாவல் மரத்துல போய் விட்டுடும்."

மிளகி பனிக்குள் மறைந்தது. துடியன் காதைத் தீட்டியது. ஓடைச் சத்தம் கேட்டது. வேறொரு சரிவில் பாய்ந்து இறங்கி, சின்னக் காலோடு நடந்த மிளகியை முந்திக்கொண்டு ஓடியது.

நாவல் மரத்தடியில் கிளறன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. "சுத்திச் சுத்தி வந்தா மறுபடியும் மாமா மூஞ்சிதான் வருது! எனக்கு வழி தெரியல, நான் தோத்துட்டேன்!" என்று சிரித்தது. அது எப்படி அவ்வளவு சுலபமாகச் சொல்கிறது என்று துடியனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

தேனப்பன் துடியனின் நெற்றியை மோந்தது. "சேறு... புனுகு... வாசப்புல்... குங்கிலியம்! நாலும் இருக்கு! துடியன்தான் நாளைக்கு முன்னடி!"

காடே ஆரவாரம் செய்தது. அந்த ஆரவாரத்துக்கு நடுவில் மிளகி வந்து சேர்ந்தது. தேனப்பன் அதன் நெற்றியை மோந்தது. மறுபடியும் மோந்தது. முகத்தைச் சுளித்தது.

"என்னம்மா இது? குங்கிலியம் பேருக்குத்தான் இருக்கு. வாசப்புல்லு அதுவும் இல்லை. குறிக்குப் போனவங்க பின்னாலேயே போய், அவங்க உரசின செடியில ஒட்டினதை எடுத்துக்கிட்டு வந்தியா?"

"மாமா! நாலையும் நானே தேய்ச்சேன்! துடியனைக் கேளுங்க. நான் திரும்பி வர்றப்போ வழியில பாத்தான். என் நெத்தியில குங்கிலியம் அப்பியிருந்ததை அவன் பாத்தான்!"

எல்லோரும் துடியனைப் பார்த்தார்கள்.

துடியன் தன் குளம்பைப் பார்த்தது. "பனி மாமா... சரியாத் தெரியல" என்றது.

"சொல்லுடா!" என்றது மிளகி.

"தெரியலைன்னுதானே சொல்றேன்!"

மிளகியின் வாய் அடைத்துப் போய் அன்றுதான் காடு பார்த்தது. அது கூட்டத்தின் கால்களுக்கிடையே நுழைந்து போய்விட்டது.

சாயங்காலம் துடியனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. 'போய்ச் சொல்லிவிடலாம்' என்று மிளகியின் வேர்ப்பொந்து வரைக்கும் போனது. உள்ளே மிளகி நெற்றியை வேரில் தேய்ப்பதும், காலால் தடவி மோந்து பார்ப்பதுமாக இருந்தது.

"என் மயிருலதான் ஏதோ கோளாறு. எது பூசினாலும் நிக்க மாட்டேங்குது போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

துடியன் வெளியே நின்று கேட்டது. ஒரு காலை முன்னால் வைத்தது. பிறகு அந்தக் காலைப் பின்னால் எடுத்தது. சத்தமில்லாமல் திரும்பிப் போய்விட்டது.

மறுநாள் மழையும் பனியும் சேர்ந்தே வந்தன. தாய்களும் குட்டிகளும் வரிசையாக நின்றன. துடியனுக்கு அடுத்தபடி காட்டுமாடு வெண்காலி தன் கன்றோடு நின்றது. உப்புக்காக மிளகியும் வரிசையின் கடைசியில் நின்றது. அதன் பக்கத்தில் நிற்க யாரும் விரும்பவில்லை.

"துடியா, நீ இருக்கிறதால எனக்குப் பயமில்லைப்பா" என்றது வெண்காலி. "என் கன்னு உன் வெள்ளை வாலைப் பாத்துக்கிட்டே வந்துடுவான். மத்ததெல்லாம் பனியில தெரியாது. அது ஒண்ணுதான் தெரியும்."

துடியன் நடந்தது. கோரைக்குட்டை வந்தது. புனுகுப்பாறையும் வந்தது.

"அடுத்து எந்தப் பக்கம்?" என்று கேட்டது வெண்காலி.

"இந்தப் பக்கம்தான்" என்றது துடியன். எந்தப் பக்கம் என்று அதற்கே தெரியாது. வாசப்புல் மணம் வருகிறதா என்று மூக்கை நீட்டிப் பார்த்தது. எதுவும் வரவில்லை. நேற்று நெற்றியில் பூசிய வாசனை இன்று வழி காட்டவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் மரங்கள் குறைந்தன. கீழேயிருந்து குளிர்காற்று மேல்நோக்கி அடித்தது. துடியனின் குளம்பு பட்டு ஒரு கல் உருண்டது. கல் விழுந்த சத்தம் கேட்கும் என்று துடியன் காத்திருந்தது. கேட்கவே இல்லை.

பள்ளம்!

கன்று வாலைப் பார்த்துக்கொண்டே துடியனை உரசிக்கொண்டு முன்னால் வந்தது. இன்னும் ஓரடி வைத்தால் போதும். துடியன் குறுக்கே விழுந்து, உயிரெல்லாம் திரட்டிக் குரைத்தது.

வரிசை அப்படியே உறைந்தது. "என்ன? என்ன? புலியா?" என்று பின்னாலிருந்து குரல்கள் எழுந்தன.

துடியன் மூச்சு வாங்க நின்றது. 'ஆமாம், புலி!' இந்த ஒரு சொல் போதும். எல்லோரும் திரும்பி ஓடிவிடுவார்கள். முன்னடி என்ற பெயரும் தப்பும். வழியில் புலி வந்தால் யார் என்ன செய்யமுடியும்? ஆனால் இந்தப் பனியில், இந்தப் பள்ளத்தின் ஓரத்தில், பயந்து சிதறினால் எந்தக் குட்டி எந்தப் பக்கம் ஓடும்?

"சொல்லுப்பா! புலியா?" என்றது வெண்காலி.

"புலி இல்லக்கா" என்றது துடியன். "ஆபத்து நான்தான். யாரும் அசையாதீங்க. முன்னால பள்ளம் இருக்கு. நான் பாறையைத் தாண்டிப் போனதே இல்ல. என் நெத்தியில இருந்தது மிளகியோட வாசனை. துணைமுட்டு கேட்டு, அவகிட்டேருந்து தேய்ச்சு எடுத்தேன். அவ குங்கிலியத்தை நான் பாத்தேன். பாக்கலைன்னு பொய் சொன்னேன்."

யாராவது திட்டியிருக்கலாம். வெண்காலி ஒரு தடவை கொம்பை ஆட்டியிருக்கலாம். யாரும் அப்படிச் செய்யவில்லை. தாய்கள் தங்கள் குட்டிகளை மெல்லத் தம்மிடம் இழுத்துக்கொண்டார்கள். மழை பெய்துகொண்டிருந்தது.

பிறகு கால்களுக்கிடையே ஏதோ நகர்ந்து வந்தது. மிளகி. துடியனின் எதிரில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தது.

"அப்ப என் மயிருல கோளாறு ஒண்ணும் இல்லையா?"

"இல்ல."

"ராத்திரி பூரா தேய்ச்சேன்டா. தோலே உரிஞ்சுபோச்சு."

துடியனால் அதன் நெற்றியைப் பார்க்க முடியவில்லை.

"மன்னிச்சிடு" என்றது.

"அது இப்ப முடியாது" என்றது மிளகி. "முதல்ல இந்தக் குட்டிங்களை இங்கேருந்து நகர்த்தணும். வெண்காலியக்கா, கன்னை இடப்பக்கம் போட்டுக்கோங்க. எல்லாரும் முன்னாடி போறவங்க வாலை வாயால பிடிச்சுக்கோங்க. மெதுவா. நான் ரொம்ப மெதுவாத்தான் போவேன், யாராவது அவசரப்படுத்தினீங்கன்னா கடிச்சிடுவேன்!"

"நீ சொல்றபடியே வர்றோம்மா. தேனப்பன் மாமாகிட்ட நானே பேசறேன்" என்றது வெண்காலி. நேற்று ஆரவாரம் செய்தவர்களில் அதுவும் ஒன்று.

மிளகி மூக்கைத் தரையில் வைத்து நடந்தது. வரிசை வளைந்து திரும்பியது. துடியன் ஓரமாக ஒதுங்கி, தன் வெள்ளை வாலை உடம்போடு ஒட்ட மடக்கிக்கொண்டது. ஒவ்வொருவராக அதைத் தாண்டிப் போனார்கள். யாரும் முகம் பார்க்கவில்லை.

வெண்காலியின் கன்று மட்டும் அருகே வந்ததும் நின்றது.

"மாமா, உங்க வால் எங்க? நீங்க முன்னால வரலையா?"

துடியன் அந்தச் சின்ன முகத்தைப் பார்த்தது. பார்க்க முடியாமல் தலையைத் தாழ்த்திக்கொண்டது.

"இல்லப்பா. எனக்கு வழி தெரியாது."

கன்று ஒன்றும் புரியாமல் அம்மாவின் வாலைப் பிடித்துக்கொண்டு போனது. எல்லோரும் போன பிறகு, எல்லோருக்கும் கடைசியாகத் துடியன் நடக்கத் தொடங்கியது.

தனக்கில்லாத தகுதியைக் காட்டி முன்னால் நிற்கிறவன் தன் மானத்தை மட்டும் இழப்பதில்லை, தன்னை நம்பிப் பின்னால் வருகிறவர்களின் உயிரையும் பணயம் வைக்கிறான்.