‘க’ என்று தொடங்கிய விருந்து

முன்னொரு காலத்தில், ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டின் பெயர் இப்போது யாருக்கும் நினைவில்லை. அதை ஆண்ட மன்னரின் பெயரை மட்டும் மறக்க முடியாது. அவர் மறக்க விட்டதில்லை. கண்டீரவன் என்ற தம் பெயரைக் கொடியில், காசில், யானையின் முகபடாத்தில், கடைசியில் தம் தலையணையிலும் தடித்த நூலால் தைத்து வைத்திருந்தார். காலையில் எழுந்தால் அது கன்னத்தில் இடம்வலம் மாறிப் பதிந்திருக்கும். கண்ணாடியில் பார்த்தால் சரியாகத் தெரியும். அதனால் மன்னர் கண்ணாடி முன்னால் நெடுநேரம் நிற்பார்.

அவருடைய அவையில் சடையாண்டி என்றொரு விகடகவி இருந்தான். அவன் வாயைத் திறந்தால் மன்னர் சிரிப்பார். சிரித்தால் தலைவலி மறந்துவிடும். மறந்துவிட்டால் மருந்து வேண்டாம். இதனால் அரண்மனை வைத்தியர் அமிர்தலிங்கப் பண்டிதருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. அவர் உருட்டி வைத்த மாத்திரைகள் சட்டியிலேயே கிடந்து பூஞ்சை பிடித்தன.

பண்டிதருக்கு இன்னொரு கவலையும் உண்டு. அவருடைய மைத்துனன் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தான். அவனை அரண்மனை மடைப்பள்ளிக்குத் தலைமைச் சமையல்காரனாக்கிவிட வேண்டும் என்பது பண்டிதரின் மனைவியுடைய கட்டளை. ஆனால் மடைப்பள்ளியில் பேச்சியம்மை இருந்தாள். அவள் வைக்கும் வற்றல் குழம்புக்காக மன்னர் ஒருமுறை போரையே பாதியில் நிறுத்திவிட்டு வந்திருக்கிறார்.

ஒருநாள் மன்னருக்குச் சோம்பலாக இருந்தது. "பண்டிதரே, எனக்கு இன்னும் வலிமை வேண்டும். என்ன செய்யலாம்?" என்று கேட்டார்.

பண்டிதர் இந்தக் கேள்விக்காகவே பல நாள் காத்திருந்தவர். "மன்னர் மன்னா! மனிதனுக்கு வலிமை தருவது அவன் பெயரின் முதல் எழுத்து. தாங்கள் உண்ணும் ஒவ்வொன்றும் தங்கள் எழுத்தில் தொடங்க வேண்டும். இது பரம ரகசியமான சாஸ்திரம்."

மன்னர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியானால் இத்தனை நாளும் நான் இட்லி தின்றேனே?"

"வாய் கூசுகிறது மன்னா, ஆனாலும் சொல்கிறேன். அது பக்கத்து நாட்டு மன்னர் இளவழுதியின் எழுத்து."

"என் வயிற்றுக்குள் அவனா!" என்று மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "சடையாண்டி, நீ என்ன சொல்கிறாய்?"

"இட்லி போய்விட்டால் இளவழுதிக்குத்தான் நஷ்டம் மன்னா," என்றான் சடையாண்டி. "தினமும் ஆறேழு முறை அவரை மென்று விழுங்கிக்கொண்டிருந்தீர்கள்."

அவை சிரித்தது. மன்னர் சிரிக்கவில்லை. அன்றே ஆணை பிறந்தது. மன்னரின் இலைக்கு ‘க’ என்று தொடங்கும் பண்டம் மட்டுமே வரலாம்.

முதல் வேளை நன்றாகத்தான் போனது. மன்னர் கற்கண்டும் கருப்பட்டியும் கரும்புமாகத் தின்று தீர்த்தார். மறுநாள் பல் கூசியது. கறி கொண்டுவரச் சொன்னார். "கறி பொதுப்பெயர் மன்னா. ஆட்டுக்கு ‘ஆ’, கோழிக்கு ‘கோ’. இரண்டும் ஆகாது," என்றார் பண்டிதர். கனி கேட்டார். அதற்கும் அதே பதில். பெயரை மாற்றிக் கூப்பிட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். "ஊரார் வழங்கும் பெயரே பெயர்," என்றார் பண்டிதர். தண்ணீர் மட்டும் உணவில் சேராது என்று தப்பித்தது. கள்ளைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. அது தானாகவே வந்து சேர்ந்தது.

மிஞ்சியவை கஞ்சி, களி, கம்பு, கத்தரிக்காய், கருணைக்கிழங்கு. அவற்றிலும் உப்பு கிடையாது, புளி கிடையாது. கத்தரிக்காயை வேகவைத்து வெறுமனே வைத்தார்கள். அது மன்னரைப் பார்த்தது. மன்னர் அதைப் பார்த்தார்.

கடைசியில் அவர் வெடித்தார். "பண்டிதரே! இது வாயில் வைக்க விளங்கவில்லையே!"

"சாஸ்திரம் பொய்க்காது மன்னா. சமைப்பவள் கை சரியில்லை. என் மைத்துனன் சமைத்தால் இதே களி தேவாமிர்தமாக இருக்கும்."

தம் பெயர் சம்பந்தப்பட்ட சாஸ்திரம் என்பதால் மன்னருக்கு அதைச் சந்தேகிக்க மனம் வரவில்லை. பேச்சியம்மையைச் சந்தேகிப்பது சுலபமாக இருந்தது. "என் பிறந்தநாள் பந்தியில் அவையினர் எல்லோரும் இதே உணவை உண்ணட்டும். அன்றைக்கும் ருசி இல்லையென்றால், பேச்சியம்மை பிள்ளைகளோடு நாட்டைவிட்டுப் போகட்டும்!"

சடையாண்டி நேராக மடைப்பள்ளிக்குப் போனான். பேச்சியம்மை அணைந்த அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கண்ணே. கேட்டீங்களா அநியாயத்த? உப்பு ஆகாதாம், புளி ஆகாதாம், மொளகு ஆகாதாம். கேட்டா கை சரியில்லைங்குறாரு. கையை வெட்டியா களியில போடுறது?"

"போடாத பேச்சி. அது ‘கை’. பண்டிதர் ‘க’ மட்டுந்தாங்கிறாரு."

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "மூணு புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு ஆத்துக்கு அந்தப் பக்கம் யாருண்ணே எனக்கு? கால்ல விழுந்து பாக்கட்டுமா?"

"விழாத. ராசா குனிஞ்சு பாக்கமாட்டாரு, கிரீடம் சரிஞ்சிரும். நீ பெரிய அண்டாவுல களி கிண்டு. இன்னொரு அண்டா நெறைய கஞ்சி. கருணைக்கெழங்கையும் அவிச்சு வையி."

"உப்பில்லாமயா?"

"உப்பில்லாமத்தான். ஒரு கல்லு விழுந்தாலும் காரியம் கெட்டுரும். வேற சட்டிகள்ல நம்ம சோறும் பருப்பும் வத்தக் கொழம்பும் வச்சு மூடிரு."

"அது யாருக்கு?"

"எனக்குப் பசிக்காதா?" என்று சொல்லிவிட்டு அவன் அவைக்குத் திரும்பினான்.

மன்னர் முன்னால் கைகட்டி நின்றான். "மன்னா, பிறந்தநாள் பந்தியை விசாரிக்கும் பொறுப்பை எனக்குத் தர வேண்டும். இன்னொரு விண்ணப்பமும் உண்டு. உணவு வாய் வழியாக உள்ளே போகிறது. சொல்லும் அதே வாய் வழியாகத்தான் வெளியே வருகிறது. உண்ணும்போது வேறு எழுத்துச் சொற்கள் வாயில் புழங்கினால், உள்ளே போகிற ‘க’ கெட்டுப்போகாதா? எனக்குச் சாஸ்திரம் தெரியாது. பண்டிதர்தான் சொல்ல வேண்டும்."

பண்டிதருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தம்முடைய சாஸ்திரத்தில் தமக்குத் தெரியாத பகுதியை இவன் கண்டுபிடிப்பதா? "இதையே நான் இன்று சொல்லவிருந்தேன் மன்னா!" என்று முந்திக்கொண்டார். "பந்தி முடியும்வரை மண்டபத்தில் ‘க’ என்று தொடங்கும் சொல் தவிர வேறு சொல் ஒலிக்கவே கூடாது!"

"ஒலித்தால்?" என்றான் சடையாண்டி.

"ஒலித்தால் நாடு கடத்த வேண்டும்! யாராக இருந்தாலும் சரி!"

"அப்படியே ஆகட்டும்," என்றார் மன்னர். அவருக்குப் பெருமையாக இருந்தது. ஒரு மண்டபம் முழுக்கத் தம் எழுத்தே ஒலிக்கப் போகிறது.

அந்த நாட்டுப் பந்திக்கென்று சில வழக்கங்கள் இருந்தன. மன்னர் பந்தியில் இலையில் மிச்சம் வைத்தால் மன்னரை அவமதித்தது போல. அதேபோல, பரிமாறுபவர் தாமாக நிறுத்தவே கூடாது. விருந்தாளி இலையைக் கையால் மறைப்பார், உடம்பை வளைத்துக் குறுக்கே கவிழ்வார். அதெல்லாம் கூச்சம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் வாய் திறந்து "போதும்" என்று சொல்லும்வரை கரண்டி ஓயக் கூடாது. நல்ல வழக்கம்தான். அதனால் பசித்து எழுந்தவர் அந்த நாட்டில் யாருமில்லை.

பிறந்தநாளும் வந்தது. இலைகள் போட்டார்கள். மன்னரின் வலப்பக்கத்து இலையில் பண்டிதர் உட்கார்ந்தார். வீட்டிலேயே நெய்ச்சோறு தின்றுவிட்டு வந்திருந்தார். பேருக்கு இரண்டு வாய் கொறித்துவிட்டுப் பேச்சியம்மையை அனுப்பிவைக்கலாம் என்பது அவர் கணக்கு.

சடையாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். மன்னரின் இலையில் நெல்லிக்காய் அளவு களியை வைத்தான். பிறகு பண்டிதரிடம் திரும்பினான்.

"களி?" என்றான். ஒரு கரண்டி வைத்தான். பெரிய கரண்டி.

பண்டிதர் முகத்தில் சாஸ்திரம் தெரிய அதைத் தின்றார். சுவரைத் தின்பதுபோல் இருந்தது. இலை காலியாகும் முன்பே அடுத்த கரண்டி விழுந்தது. பண்டிதர் கையால் மறைத்தார். கூச்சம். விரலிடுக்கில் கஞ்சி ஊற்றினான்.

பண்டிதர் வாயைத் திறந்தார். நாக்கு நுனிவரை வந்துவிட்ட சொல்லை அப்படியே விழுங்கினார். அது எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியது. வேண்டாம் என்று சொல்லலாம் என்றால் அதுவும் ‘வே’.

"கஞ்சி?" என்று கேட்டான் சடையாண்டி, கனிவாக.

பண்டிதர் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று ஆட்டினாரா, ஊற்று என்று ஆட்டினாரா, அந்த ஆட்டத்தில் தெரியவில்லை. ஊற்றினான். இலை நிரம்பிக் கஞ்சி அவர் மடியை நோக்கி ஓடியது. பண்டிதர் களியை எடுத்து அவசரமாகக் கரை கட்டினார். சடையாண்டி கரைக்கு மேலே இன்னொரு கரண்டி களி வைத்துக் கரையைப் பலப்படுத்திக் கொடுத்தான்.

மன்னர் மெல்வதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பந்தி முழுவதும் பார்த்தது. மந்திரி இருமல் வந்ததுபோல் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பண்டிதர் யோசித்து ஒரு சொல்லைப் பிடித்தார். "கடைசி!" என்று கத்தினார். "கடைசி! கடைசி!"

சடையாண்டி பணிவாகத் தலையசைத்துவிட்டுப் பந்தியின் கடைசி இலைக்கு ஓடினான். அங்கே இருந்தவருக்கு ஒரு துளி வைத்தான். திரும்பி ஓடி வந்து பண்டிதருக்கு ஒரு கரண்டி வைத்தான்.

"கழுதை!" என்றார் பண்டிதர். "கயவன்! கபடன்!" எல்லாம் விதிக்கு உட்பட்ட சொற்கள். சடையாண்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு கரண்டி வைத்தான்.

பண்டிதரின் கண்ணில் நீர் முட்டியது. மன்னர் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "கருணை..." என்றார் ஈனமாக.

சடையாண்டி உள்ளே ஓடினான். தட்டு நிறையக் கருணைக்கிழங்கோடு வந்தான்.

மன்னருக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது. பண்டிதரைச் சுட்டிக்காட்டி, "கவனி!" என்று ஆணையிட்டார். "கச்சிதமாகக் கவனி!"

கவனித்தான். கிழங்கு தொண்டையில் நமைத்தது. கட்டிய கரை ஒரு பக்கமாகச் சரிந்தது. கஞ்சி மடியில் இறங்கியது. அண்டாவில் இன்னும் பாதி இருந்தது. "களி?" என்று கரண்டி மறுபடி உயர்ந்தபோது பண்டிதர் துள்ளி எழுந்தார்.

"போதும்! போதும்டா பாவி! உப்பில்லாத இந்த எழவை மனுஷன் தின்பானா? எவன் கைக்குத்தான் இது ருசிக்கும்?"

மண்டபம் அடங்கியது. பண்டிதரின் முன்கையிலிருந்து கஞ்சி சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

மன்னர் அவரைப் பார்த்தார். தம் இலையில் கிடந்த நெல்லிக்காய் அளவு களியைப் பார்த்தார். பிறகு சிரித்தார். கிரீடம் சரிந்து காதில் தொங்கும்வரை சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் சொல் சொன்னார்: "உப்பு!"

யாருக்கும் புரியவில்லை.

"உப்பு கொண்டு வாருங்கள் ஐயா! புளி கொண்டு வாருங்கள்! என் பெயர் தலையணையில் இருக்கட்டும், சோற்றில் வேண்டாம். பேச்சியம்மை எங்கும் போக வேண்டாம். பண்டிதரே, நீர் சொன்ன தண்டனை உமக்கு நினைவிருக்கிறதா?"

பண்டிதர் மடியிலிருந்த கஞ்சியை வழித்து இலையில் விட்டார். இப்போது எந்த எழுத்தும் அவருக்குக் கைகொடுக்கவில்லை.

"அவரை ஆற்றுக்கு அந்தப் பக்கம் அனுப்புவதில் ஒரு சங்கடம் மன்னா," என்றான் சடையாண்டி. "அங்கே போய் இளவழுதிக்கு வைத்தியம் பார்ப்பாரே."

மன்னரின் முகம் மலர்ந்தது. "பார்க்கட்டுமே! மைத்துனனையும் சேர்த்து அனுப்பு! பல்லக்கு வேண்டுமானாலும் தருகிறேன், சீக்கிரம் போய்ச் சேரட்டும்!"

பிறகு சடையாண்டியின் தோளைத் தட்டினார். "என்ன வேண்டும் கேள். தோட்டமா, கைக்குத் தங்கத் தோடாவா?"

"பந்தி விசாரித்தவன் இன்னும் சாப்பிடவில்லை மன்னா."

மன்னர் அவன் கையைப் பிடித்துத் தம் இடத்திலேயே உட்கார வைத்தார். புது இலை போடச் சொன்னார். மூடி வைத்திருந்த சட்டிகள் வந்தன. அரசர்கள் யாரும் அதுவரை செய்யாத காரியமாக, கண்டீரவ மன்னர் பட்டு உத்தரீயத்தை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு தம் கையாலேயே பரிமாறத் தொடங்கினார். சோறு வைத்தார். உடனே நெய்க் கிண்ணத்தை எடுத்து மேலே கவிழ்த்தார்.

மண்டப வாசலில் நின்றிருந்த பேச்சியம்மைக்குப் பொறுக்கவில்லை.

"ஐயோ ராசா! பருப்பு வைக்கும் முன்னால யாராச்சும் நெய் ஊத்துவாங்களா? இம்மாம் பெரிய நாட்டை ஆளுறீங்க, இதுகூடத் தெரியல. தள்ளுங்க அந்தப் பக்கம்!"

அவையினர் மன்னரின் முகத்தைப் பார்த்தார்கள். மன்னர் சிரித்துக்கொண்டே தள்ளி நின்றார். பிறகு இன்னொரு இலை போடச் சொல்லி, சடையாண்டிக்குப் பக்கத்தில் தாமும் உட்கார்ந்துகொண்டார்.