கழுதைக்கு வாய்த்த நட்சத்திரம்

கடலில் உப்பைக் கொட்டியது யார் என்று மனிதர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அப்போது அலவாய் நாட்டைப் பேரொளிவழுதி என்றொரு மன்னன் ஆண்டான். பெயர்தான் நீளம்; ஆள் குள்ளம். அதனால் காலுக்குக் கீழே ஒரு முக்காலி, கிரீடத்துக்கு மேலே ஒரு மயிலிறகு, பெயருக்கு முன்னால் மூன்று பட்டங்கள் வைத்துக்கொண்டிருந்தான்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு, கேளுங்கள். ஓர் உயிர் பிறக்கும்போது தலைக்கு நேர்மேலே எந்த நட்சத்திரம் நிற்கிறதோ, அது அந்த உயிருக்குச் சொந்தம். அரண்மனைக் கணியர் கீரந்தை அதை ஓலையில் எழுதி வைப்பார். பகலில் பிறந்தவர்களுக்கெல்லாம் சூரியன் பொது.

மன்னனுக்கு நாற்பது வயது நிறைந்தது. அன்று மாலை அவன் மாடத்தில் ஏறி நின்று, "கணியரே, என் நட்சத்திரத்தைக் காட்டும்! ஊரே பார்க்கட்டும்!" என்றான்.

கீரந்தை விரலை நீட்டினார். "அதோ, அந்தப் பனைமரத்துக்கு மேலே, மன்னா. இன்னும் கொஞ்சம் இடப்பக்கம். இல்லை, அது மின்மினி. அதற்கும் மேலே."

மன்னன் கண்ணை இடுக்கிப் பார்த்தான். கடுகளவில், மங்கிய சிவப்பில் ஒரு புள்ளி. அதன் பக்கத்திலேயே வெள்ளை வெளேரென்று இன்னொரு நட்சத்திரம் ஜொலித்தது.

"அது யாருடையது?"

கணியர் ஓலையைப் புரட்டினார். "உப்பு விற்கிற வெண்ணி வீட்டில்..."

"வெண்ணியுடையதா?"

"இல்லை, மன்னா. அவள் கழுதையுடையது."

மன்னன் அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாள் மூன்று ஆணைகள் பிறந்தன.

முதல் ஆணை: கோபுரத்தின் மேல் ஏணி வைத்து, மன்னரின் நட்சத்திரத்தைப் புளி போட்டுத் துலக்க வேண்டும். ஏறியவன் இறங்கி வந்து, "இன்னும் ஒரு முழம்தான் எட்டவில்லை" என்றான்.

இரண்டாம் ஆணை: கழுதையின் நட்சத்திரத்தை யாரும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது. எல்லோரும் குனிந்தே நடந்தார்கள். ஒருவர் தலையில் ஒருவர் முட்டினார்கள். வைத்தியர் வீட்டில் வீக்கத்துக்குப் போடும் பற்று தீர்ந்துபோனது.

மூன்றாம் ஆணைக்கு அமைச்சர் ஆதன் வழி சொன்னார். "கழுதையை நாடு கடத்துங்கள், மன்னா. அதன் நட்சத்திரமும் பின்னாலேயே போய்விடும்."

"பலே!" என்றான் மன்னன். "அதற்கு நட்சத்திரம் எழுதிக் கொடுத்த கணியரும் கூடவே போகட்டும்."

வெண்ணி அரண்மனைக்கு ஓடி வந்தாள். "மன்னா, கழுதை போனால் உப்பு மூட்டையை யார் சுமப்பது? என் பிள்ளைகளுக்குக் கஞ்சி யார் ஊற்றுவது? ஒரே ஒரு மாலைப்பொழுது கொடுங்கள். மூன்று கேள்வி கேட்கிறேன். மூன்றுக்கும் நீங்கள் சரியாகப் பதில் சொல்லிவிட்டால், நானே கழுதையை ஓட்டிக்கொண்டு எல்லை தாண்டுகிறேன்."

மன்னனுக்குப் போட்டி என்றால் உயிர். சம்மதித்தான்.

குறித்த மாலையில், கோட்டை மதிலின் மேல் இரண்டு விளக்குகளை அருகருகே ஏற்றினாள் வெண்ணி. ஒன்றில் ஒரு திரி, மற்றதில் ஐந்து திரி. "எது பெரிய சுடர்?"

"ஐந்து திரி. இதுகூடவா தெரியாது?" என்றான் மன்னன். "ஆகா!" என்றார் ஆதன்.

அடுத்து, கொல்லர் ஒருவர் உலையிலிருந்து ஒரே அளவான இரண்டு கம்பிகளை எடுத்து நீட்டினார். ஒன்று மங்கிய சிவப்பு. மற்றது கண் கூசும் வெண்மை. "எதற்குச் சூடு அதிகம்?" என்று கேட்டாள் வெண்ணி.

"வெள்ளைக்குத்தான். அதனால்தான் பளபளக்கிறது" என்று சொன்ன மன்னனின் முகம் சட்டென்று வாடியது. "அப்படியானால் என்னுடையது ஆறிப்போன கம்பியா?"

"ஆகா!" என்று தொடங்கிய ஆதன் பாதியில் இருமினார்.

மூன்றாவதாக, வெண்ணி ஓர் அகல்விளக்கைக் கையில் ஏந்திப் பத்தடி தள்ளி நின்றாள். ஆற்றுக்கு அப்பால், குன்றின் மேல், சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. "என் கையில் இருப்பது பெரிதா? அந்தப் புள்ளி பெரிதா?"

"உன் கையில் இருப்பதுதான்! மூன்றும் சரி! ஓட்டு கழுதையை!"

"ஓட்டுகிறேன், மன்னா. போகிற வழியில் அந்தப் புள்ளியைக் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போகலாம்" என்ற வெண்ணி, அகலை மதில் மேலேயே வைத்துவிட்டு நடந்தாள்.

வெண்ணி கழுதையை ஓட்ட, மன்னனும் அமைச்சரும் கணியரும் பின்னால் வர, ஐந்து நாழிகை நடந்தார்கள். ஆற்றில் மன்னனின் செருப்பு போனது. சேற்றில் இடுப்பளவு அமைச்சர் போனார். முள்வேலியில் மயிலிறகு போனது. குன்றின் மேல் ஏறினால், அம்மாடி! வெண்ணியின் உறவுக்காரர்கள் பத்து வண்டி விறகை அடுக்கி மூட்டிய தீ, பனைமர உயரத்துக்கு எரிந்துகொண்டிருந்தது. கிட்டே போன மன்னனின் மீசை ஒரு பக்கம் பொசுங்கியது.

"இதுவா அந்தப் புள்ளி?"

"இதுதான். இப்போது திரும்பி என் அகலைத் தேடுங்கள்."

மன்னன் தேடினான். கோட்டையே தெரியவில்லை; அகல் எங்கே தெரியும்?

"பெரிதாயிருந்தால் பளிச்சென்று தெரியும், மன்னா. சூடு அதிகமானாலும் தெரியும். ஆனால் தூரம் இரண்டையும் தின்றுவிடும்" என்றாள் வெண்ணி.

மன்னன் துள்ளினான். "அப்படியானால் என் நட்சத்திரம்தான் பெரியது! வெகு தூரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்! இல்லையா, கணியரே?"

எல்லோரும் கீரந்தையைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவர் வீட்டில் நிம்மதியாகத் தூங்கலாம். ஆதன் கண்ணால் ஜாடைகூடக் காட்டினார்.

"தெரியாது, மன்னா" என்றார் கீரந்தை. குரல் கிரீச்சிட்டது. "இருக்கலாம். இல்லாமலும் போகலாம். அங்கே நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் யாருமில்லை."

மன்னன் பொசுங்காத பக்கத்து மீசையைத் தடவிக்கொண்டு சொன்னான்: "நாற்பது வருடமாகிறது. தெரியாது என்று ஒருவர் என்னிடம் சொல்லி இன்றுதான் கேட்கிறேன். கணியரே, நீர் எங்கேயும் போக வேண்டாம். கழுதையும் போக வேண்டாம்."

கால் கொப்புளித்துப்போன மன்னன் கழுதை மேல்தான் ஊர் திரும்பினான். அது மூன்று இடத்தில் நின்று புல் மேய்ந்தது. மூன்று முறையும் மன்னன் பொறுமையாகக் காத்திருந்தான்.

கேட்டவர்களே, கேட்காமல் கொட்டாவி விட்டவர்களே, இதை மட்டும் கொண்டுபோங்கள்: தூரத்தை அறியாமல், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வைத்து எதையும் பெரிது சிறிது என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது.