புலி ஸ்கிரீன்ல புலி இல்ல

காட்டுல வேலப்பன்னு ஒரு கீரி இருந்தான். மத்த கீரிங்க குழி தோண்டுச்சு, இவன் மொபைல் ஆப் செஞ்சான். ஒரு ஸ்கிரீன் தண்ணி இருக்கிற இடத்தைக் காட்டும். இன்னொண்ணு புலி இருக்கிற இடத்தைக் காட்டும். குருவிங்க பறந்து பார்த்து எழுதிப் போடுற சேதியெல்லாம் டேட்டாபேஸ்னு ஒரே கிடங்குல கிடக்கும். அதுக்கு ஒரு கதவு. சேதி எழுதுறதும் எடுக்கிறதும் அது வழியாத்தான்.

மான் செண்பா குட்டியோட வந்தா. தண்ணி ஸ்கிரீனைத் தட்டினா. "ஆலமரத்துக் குளம்"னு வந்துச்சு. புலி ஸ்கிரீனைத் தட்டினா. வெறும் வெள்ளை!

"புலியே இல்லடா, ஓடு!"ன்னா.

போன வேகத்துல திரும்பி வந்தான் குட்டி. வால்ல பாதி முடியக் காணோம்!

"அடப்பாவி! அங்க புலி படுத்திருக்காம்!"னு வேலப்பன்கிட்ட கத்தினா செண்பா.

வேலப்பன் போனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். குருவி எழுதியிருக்கு. ஸ்கிரீன் இருக்கு. புலியும் இருக்கு. அப்ப எதுதான் இல்ல?

"தாகத்துல என் புள்ளைக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு! அடுத்த குளத்துக்கு எதை நம்பி அனுப்ப?"

வேலப்பன் அவசரமா ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் தனித்தனியா ஒரு கதவு வச்சான். ரெண்டு குருவி ரெண்டு கதவு வழியா ஒரே நேரத்துல எழுத, முட்டிக்கிட்டு போனே உறைஞ்சு நின்னுச்சு!

பக்கத்து வளையிலேருந்து எலி மங்கா விழுந்து விழுந்து சிரிச்சா. "ஏன்டா, தண்ணி ஸ்கிரீனை விட்டு வரும்போது என்ன பண்ணுவ?"

"கதவைச் சாத்துவேன். தொறந்தா சாத்தணும்னு எங்க வீட்டுல அடிச்சு வளர்த்தாங்க!"

"அப்புறம் புலி ஸ்கிரீன் எந்தக் கதவைத் தட்டும்? உன் நெத்தியையா? எங்க வளையில அஞ்சு அறை, வாசல் ஒண்ணு. வெளிய போறவன் எவனும் சாத்தமாட்டான். எல்லாரும் தூங்கப் போறப்பதான் அடைப்போம்!"

வேலப்பன் தலையில அடிச்சுக்கிட்டான். கதவை ஒண்ணாக்கினான். ஆப் தொறக்கும்போது தொறக்கட்டும், ஆப் மூடும்போது மூடட்டும்னு மாத்தினான். ரெண்டு ஸ்கிரீனுக்கும் அதே கதவு.

செண்பா தட்டினா. தண்ணி: ஆலமரத்துக் குளம், புதுசா நாவல் ஓடை. புலி: ஆலமரத்துக் குளம்.

"அப்ப ஓடைக்குப் போலாம்!"னு குதிச்சான் வேலப்பன்.

"போலாம். முதல்ல நீ போ!"ன்னா செண்பா.

வேலப்பன் முன்னால போனான். புலி இல்ல. குட்டி வயிறு முட்டக் குடிச்சான்.

அதனால, பல பேர் புழங்குற கதவைத் தன் வேலை முடிஞ்சுதுன்னு ஒருத்தன் மட்டும் சாத்திட்டுப் போகக்கூடாது.