ஏழாம் இலக்கில் விழுந்த ஐந்து

சீடருக்கு வயது அறுபத்தொன்று. குருவுக்கு முப்பத்தாறு. சீடர் குருவை 'மேடம்' என்பார், குரு சீடரை 'சார்' என்பார். அந்த மைதானத்தில் யாருக்கும் அது வேடிக்கையாகத் தெரியவில்லை.

குருவின் பெயர் ஜெசிந்தா. தொலைதூரத் துப்பாக்கி சுடும் போட்டிகளை நடத்துவதில் கைதேர்ந்தவர். சீடர் வைரவன், தொலைபேசி இலாகாவின் புகார்ப் பிரிவில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் புகார் கேட்டுச் சலித்த மனுஷர், ஓய்வு பெற்ற கையோடு அதைவிடப் புகார் மிகுந்த இடமாகப் பார்த்து வந்து சேர்ந்தார். சிலருடைய தலையெழுத்து அப்படி.

அங்கே காகித இலக்குகள் கிடையாது. எல்லாம் மின்னணு. சுடுபவர்கள் படுத்திருக்கும் இடத்திலிருந்து தொள்ளாயிரம் மீட்டர் தள்ளி, கரட்டு மலையின் அடியில், பத்துச் சட்டங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் விரிப்பு, நான்கு மூலைகளில் நான்கு மைக். குண்டு கடந்து போகும் சத்தத்தை மைக்குகள் கேட்கும். அது எங்கே புகுந்தது என்று எந்திரம் கணக்குப் போட்டு, சுட்டவரின் பக்கத்தில் இருக்கும் திரையில் ஒரு புள்ளி வைக்கும். நடுவில் விழுந்தால் ஐந்து. விலக விலகக் குறையும்.

அன்றைய போட்டியில் முதலில் வருபவருக்கு மாநில அணியில் இடம். ஒரே ஓர் இடம்தான் காலியாக இருந்தது.

காலையில் காற்றின் திசை காட்டும் கொடிகளை ஏற்றும் முன் வைரவன் கேட்டார்.

"மேடம், குறி தப்பினா எல்லாரும் இலக்கு மேலதான் பழி போடுவாங்க. அதுல எது நிஜம், எது சாக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

ஜெசிந்தா தன் கழுத்தில் தொங்கிய விசிலைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். வாக்கி-டாக்கியையும் கொடுத்தார்.

"இன்னைக்கு நீங்களே நடத்துங்க சார். நான் பாதுகாப்பை மட்டும் பார்த்துக்கறேன். சாயங்காலம் பேசுவோம்."

வைரவனுக்கு அது பெருமையாக இருந்தது. முதல் குண்டு வெடிக்கும் வரைக்கும் இருந்தது.

"சார், மூணாம் இலக்குக்குக் காது கேக்கலை!"

"சார், என் திரை இடது பக்கமாவே காட்டுது. நான் நேராத்தான் சுடுறேன்."

"போன மாசம் இதே இலக்கு நல்லா இருந்தது சார். நீங்க வந்தப்புறம்தான் இப்படி."

ஒருவர் திரையில் வெயில் அடிக்கிறது என்றார். குடை வைத்தால், குடையின் நிழலில் திரை இருட்டாக இருக்கிறது என்றார். இன்னொருவர் நான்கு விழுந்த ஒவ்வொரு தடவையும் எழுந்து வந்து, அது ஐந்துதான் என்று தன் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தார். வைரவன் ஒவ்வொருவர் பக்கத்திலும் குனிந்து, கேட்டு, திரையை அணைத்து, திரும்ப எழுப்பி, நிமிர்ந்தார். நிமிர்வதற்குள் அடுத்த கை உயர்ந்தது. இடுப்பு விட்டுப்போயிற்று. அவர் பார்த்த எந்த இலக்கிலும் ஒரு குறையும் இல்லை.

அப்போது ஏழாம் இலக்கில் ஒரு கை உயர்ந்தது. கோகிலவாணி. பள்ளிக்கூடம் ஒன்றில் விளையாட்டு ஆசிரியை. மூன்று வருடமாக மாநில அணிக்கு முயன்று, ஒவ்வொரு தடவையும் நூலிழையில் கோட்டைவிட்டவர்.

"உங்களுக்கு என்னம்மா குறை?"

"சார், இப்போ விழுந்த அஞ்சு என்னோடது இல்லை."

"என்னது?"

"விசையை இழுக்கும்போதே காத்து மாறிடுச்சு. கொடியைப் பார்த்தேன். குண்டு இடது பக்கம் விலகிப் போயிருக்கணும். திரை நட்ட நடுவுல காட்டுது. இலக்கைக் கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்க சார்."

வைரவன் அவரையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். அன்று காலையிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான்.

"ஏம்மா, குறையுதுன்னு வர்றவங்களுக்கே என்னால பதில் சொல்லி முடியலை. அஞ்சு வந்தா வாங்கிட்டுப் போங்களேன். வேண்டாம்னு சொல்லவும் ஒரு ஆள் வரணுமா?"

"இல்ல சார், ஒருதடவை பார்த்துட்டா..."

"அதைப் பார்க்கணும்னா எல்லாரையும் நிறுத்திட்டு ஒரு ஆள் அந்தக் கோடிக்குப் போகணும். படுங்கம்மா. அடுத்த குண்டைப் போடுங்க."

கோகிலவாணி படுத்துக்கொண்டார்.

ஒவ்வொரு இலக்கிலும் இரண்டு பேர், ஒருவர் மாற்றி ஒருவராகச் சுட வேண்டும். ஏழாம் இலக்கில் கோகிலவாணிக்கு அடுத்தவர் திருவேங்கடம். அரிசி ஆலை வைத்திருப்பவர். விலையுயர்ந்த துப்பாக்கி, அதைவிட விலையுயர்ந்த கறுப்புக் கண்ணாடி. காற்றைப் படிக்கத் தெரியாது என்பது ஊரறிந்த விஷயம். அன்று அவர் சுடச் சுட ஐந்தாக விழுந்தது. சுற்று முடிந்ததும் அவரே வைரவனைத் தேடி வந்தார். வைரவன் அவர் வாய் திறக்கும் முன்பே கையெடுத்துக் கும்பிட்டார்.

"நான் குறை சொல்ல வரலை சார். காத்து இந்த அடி அடிக்குது, என் குண்டு அசையாமப் போய் நடுவுல உக்காருது. எல்லா இலக்கும் ஏழு மாதிரி இருந்துட்டா உங்களுக்கு ஏன் தலைவலி வரப்போகுது!"

வைரவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை பேரில் ஒரு மனுஷனாவது நல்ல வார்த்தை சொன்னானே என்று அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

மதியச் சுற்றிலும் அதே கூத்து. வைரவனுக்குக் குரல் கட்டிவிட்டது. யார் கை தூக்கினாலும், "திரையில என்ன இருக்கோ அதுதான்!" என்று தூரத்திலிருந்தே கத்தப் பழகிக்கொண்டார்.

கடைசிக் குண்டு கோகிலவாணியுடையது. திருவேங்கடம் சுட்டு முடித்து, அதுவரை முதலிடத்தில் இருந்தார். கோகிலவாணிக்கு ஐந்து விழுந்தால் மாநில அணி. நான்கு விழுந்தாலும் அவர்தான். கொடிகள் விறைத்து நின்றன. அவர் காத்திருந்தார். காற்று சற்றுத் தணிந்த நேரம் பார்த்துச் சுட்டார்.

திரையில் ஒன்றும் விழவில்லை.

சிறிது நேரம் பார்த்துவிட்டுக் கை தூக்கினார். வைரவன் அலுத்துக்கொண்டே வந்தார்.

"குண்டு இலக்குலதான் சார் போச்சு."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

"எனக்குத் தெரியும் சார்."

"திரைக்குத் தெரியலையேம்மா. இதுக்கு விதி இருக்கு. சோதனைக் குண்டு ஒண்ணு போடுங்க. அது திரையில விழுந்தா இலக்கு நல்லா இருக்குன்னு அர்த்தம். முந்தினது வெளியே போன கணக்கு."

கோகிலவாணி சோதனைக் குண்டைச் சுட்டார். அந்த நேரத்தில் காற்று அடியோடு நின்றிருந்தது. புள்ளி பளிச்சென்று நடுவில் விழுந்தது.

"பார்த்தீங்களா? இலக்குல ஒரு குறையும் இல்லை. கடைசிக் குண்டுக்குப் பூஜ்யம்."

கோகிலவாணி துப்பாக்கியைத் திறந்து காலி என்று காட்டினார். பாயைச் சுருட்ட ஆரம்பித்தார். சுருட்டிய பாய் பிரிந்துகொண்டது, திரும்பச் சுருட்டினார். பின்னால் திருவேங்கடத்தின் ஆட்கள் கைதட்டினார்கள்.

வைரவன் கூடாரத்துக்குள் வந்து நாற்காலியில் விழுந்தார். ஜெசிந்தா அவரிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"போதும் மேடம். என்னால முடியாது. மனுஷனா இருக்கிறவன் செய்யற வேலையா இது?"

ஜெசிந்தா எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"காது கேக்கலைங்கறான், கண்ணு தெரியலைங்கறான். குடை வெச்சா இருட்டுங்கறான். குலதெய்வத்தை இழுக்கறான். தனக்குச் சுடத் தெரியலைன்னு ஒருத்தன், ஒரே ஒருத்தன்கூடச் சொல்லலை மேடம். ஆபீஸ்ல போன் வேலை செய்யலைன்னு திட்டுவாங்க. அங்க நிஜமாவே போன் வேலை செய்யாது, திட்டு வாங்கறதுல ஒரு நியாயம் இருந்தது. இங்க?"

தண்ணீரைக் குடித்தார். கோபம் கொஞ்சம் இறங்கியதும் சிரிப்பு வந்தது.

"இதுல ஒரு கூத்தைக் கேளுங்க. காலையில ஒரு அம்மா வந்து, எனக்கு அஞ்சு விழுந்துடுச்சு, அது என்னோடது இல்லைன்னு புகார் சொல்றாங்க! காத்து மாறிடுச்சாம், குண்டு விலகியிருக்கணுமாம். இப்படியும் ஒரு பைத்தியம் உண்டா?"

ஜெசிந்தா சிரிக்கவில்லை.

"எந்த இலக்கு?"

"ஏழு."

சொன்ன பிறகுதான் வைரவன் பாட்டிலைக் கீழே வைத்தார்.

ஜெசிந்தா எழுந்து வெளியே போனார். எல்லாத் துப்பாக்கிகளும் திறந்து கிடக்கின்றனவா என்று வரிசை முழுக்கப் பார்த்தார். யாரும் சுடக்கூடாது என்பதற்கான சிவப்புக் கொடியை ஏற்றச் சொன்னார். ஒரு திருப்புளியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மலையை நோக்கி நடந்தார். வைரவனும் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

ஏழாம் இலக்கின் ரப்பர் விரிப்பில் ஒரு குறையும் இல்லை. சட்டம் நேராக நின்றது. இடதுபக்கக் கீழ் மூலையில் மட்டும், மைக்கைப் பிடித்திருந்த திருகாணி கழன்று எங்கோ விழுந்திருந்தது. மைக் தன் ஒயரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது காற்று அடித்தது. மைக் ஆடி, சட்டத்தில் டொக் டொக் என்று இடித்தது. காற்று நின்றதும் அதுவும் தன் இடத்துக்கு வந்து சாதுவாக நின்றது.

வைரவன் அதைத் தொட்டார். மறுபடியும் காற்று வந்தது. அவர் விரல்களுக்கு நடுவே அது நெளிந்தது.

"காத்து அடிக்கறப்போ இது சொன்னது எல்லாமே பொய்யா மேடம்?"

"ஆமா."

"அப்போ திருவேங்கடத்துக்கு விழுந்தது?"

ஜெசிந்தா மற்ற மூன்று மைக்குகளையும் அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாயைத் திரும்பத் திரும்பச் சுருட்டிய அந்தக் கைகள் வைரவன் கண்ணுக்குள் நின்றன. தன்மேலேயே அவருக்கு ஆத்திரமாக வந்தது. வாக்கி-டாக்கியை எடுத்தார். கூடாரத்தில் இருந்தவர்களை அழைத்தார்.

"யாரையும் வெளியே விடாதீங்க. ஏழாம் இலக்கு பழுது. காலையிலேயே ஒருத்தர் எங்கிட்ட வந்து சொன்னாங்க. நான் பார்க்கலை. தப்பு என்னோடது. ஏழுல சுட்ட ரெண்டு பேரும் ரெண்டு சுற்றையும் நாலாம் இலக்குல திரும்பச் சுடணும்."

எதிர்முனையில் ஒரே இரைச்சல். அதற்கு மேலே திருவேங்கடத்தின் குரல் கேட்டது.

"யோவ், என்னய்யா விளையாடறீங்களா? எந்திரம் கொடுத்ததை வேண்டாம்னு சொல்ல நீ யாருய்யா? உனக்கு நடத்தத் தெரியலைன்னா நான் எதுக்குத் திரும்பச் சுடணும்?"

வைரவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு யாரோ வாக்கி-டாக்கியைக் கோகிலவாணியிடம் கொடுத்தார்கள்.

"சார், நான் தயார். காலையில விழுந்த அந்த அஞ்சையும் எடுத்துடுவீங்கதானே?"

"எடுத்துடறேன்மா," என்றார் வைரவன்.

வைரவனும் ஜெசிந்தாவும் திரும்பி வந்தபோது கோகிலவாணி நாலாம் இலக்கின் நேரே பாய் விரித்துப் படுத்திருந்தார். திருவேங்கடம் தன் முறைக்குக் காத்து நின்று, நாலாம் இலக்கின் திரையில் வெயில் அடிப்பதாக யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். மாலைக் காற்று காலைக் காற்றைவிடப் பொல்லாதது. அணியில் அந்த இடம் யாருக்கென்று இனிமேல்தான் தெரிய வேண்டும்.

சிவப்புக் கொடி இறங்கியது. வைரவன் விசிலை வாயருகே கொண்டுபோனார். ஊதாமல் ஜெசிந்தாவைப் பார்த்தார்.

"மேடம், காலையில ஒண்ணு கேட்டேன். எது நிஜம், எது சாக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு. நீங்க பதிலே சொல்லலை."

ஜெசிந்தா காற்றுக் கொடிகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இன்னைக்கு இத்தனை பேர் உங்ககிட்ட வந்தாங்களே சார், யாரைப் பார்த்துச் சிரிச்சீங்க?"