இலவம் பஞ்சு விழுங்கிய சொல்

மரமும் பாறையும் வாய்திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், சத்தத்துக்குச் சாவே கிடையாது. ஒருமுறை பிறந்த சத்தம் அங்கே முட்டி இங்கே மோதி உலாவிக்கொண்டே இருக்கும். இரண்டு மலைகளுக்கு நடுவே இருந்த ஓர் ஊருக்கு இதில் சௌகரியமும் இருந்தது. தினை விதைத்த கையோடு கிளி விரட்ட ஒரே ஒரு அதட்டல் போட்டால் போதும், அறுவடை வரை அதுவே காவல் காக்கும்.

ஆனால் கோபத்தில் சொன்ன சொல்லும் அப்படித்தானே சாகாமல் சுற்றும்? அதனால் அந்த ஊரில் ஒரு வழக்கம். யாருக்குக் கோபம் வந்தாலும் ஓடிப்போய் ஒரு வாய்த் தண்ணீரை மொண்டு வாயில் அடக்கிக்கொள்ள வேண்டும். கன்னம் உப்ப நிற்கிறவரைக் கண்டால் மற்றவர்கள் சிரித்தபடி ஒதுங்கிப் போவார்கள். கோபம் இறங்கியதும் அவர் தண்ணீரைத் துப்பிவிட்டு வேலையைப் பார்ப்பார்.

சடைச்சிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவள் புருஷன் வீரணன் பரம சாது, ஆனால் மறதிக்காரன். அன்றைக்குத் தண்ணீர் கொண்டுவர வேண்டியது அவன் முறை. உலை வைக்கப் போனவள் குடத்தைத் தூக்கினால், காலி. அவனோ வாசலில் குந்தி, எறும்புகள் செத்த வண்டு ஒன்றை இழுத்துப் போவதை ரசித்துக்கொண்டிருந்தான். சடைச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயை அடக்கத் தண்ணீரைத் தேடினாள். அதுதானே வீட்டில் இல்லை!

"எங்கிட்டாச்சும் போயித் தொலைய்யா!"

சொன்னவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சொல் அதற்குள் வாசலைத் தாண்டி, கிழக்கு மலையில் மோதி, மேற்கு மலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

வீரணன் குடத்தோடு மலையடி ஆற்றுக்குப் போனான். தண்ணீரை மொண்டு, திரும்பலாம் என்று எழுந்தபோது எதிரே வந்தது அவள் குரல். "போயித் தொலைய்யா!" இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது என்று சற்று மேலே ஏறி உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான், மறுபடி அதே குரல். மனசு விட்டுப்போய், இப்படியே ஏறி ஏறி மலை முகட்டுக்கே போய்விட்டான். முகட்டுக்கு அப்பால் யானைக்காடு. அதில் இறங்கிய யாரும் இதுவரை வீடு திரும்பியதில்லை.

முகட்டில் அவனைக் கண்டுவிட்டு, "வந்துரு மாமா!" என்று சடைச்சி தொண்டை கிழியக் கூப்பிட்டாள். அந்தச் சொல்லும் போய் முந்தியதோடு இடித்துக்கொண்டு ஒரே இரைச்சல் ஆனதுதான் மிச்சம்.

மலைப்பாதையில் ஓடினாள். வழியில் பாறையிடம் கெஞ்சினாள். "அண்ணே, அந்தச் சொல்லை உன் வயித்துல போட்டு வச்சுக்கண்ணே."

"எனக்கு ஏதும்மா வயிறு?" என்றது பாறை. "வந்ததை வந்தபடி திருப்பிக் குடுத்துத்தான் எனக்குப் பழக்கம். அடுத்தவன் பொருளை வச்சுக்கத் தெரியாது." அதன் நேர்மையை நாம் மெச்சத்தான் வேண்டும். சடைச்சிக்கு அன்று அழுகைதான் வந்தது.

ஓடை சொன்னது: "பாதிக்கு மேல என் முதுகுலயே எகிறிப் போயிரும் தாயி. உள்ள நுழைஞ்சதை நான் ஊர் ஊராக் கொண்டு போவேன். வழி நெடுக மீனெல்லாம் உன் புருசனை வையும், பரவாயில்லையா?"

மூங்கிலோ, "குடு, பாட்டாப் பாடிர்றேன்" என்று உற்சாகமாகத் தலையாட்டியது. வேண்டவே வேண்டாம் என்று கும்பிடு போட்டுவிட்டு ஓடினாள்.

முகட்டுக்குக் கொஞ்சம் கீழே இலவமரம் நின்றது. அந்தக் காலத்து இலவங்காயில் பஞ்சு கிடையாது. மாம்பழம் தோற்றுப்போகும் சதை. காட்டுப் பறவை எல்லாம் அதன் கிளையில்தான் கிடக்கும். மரத்துக்கு அதில் அத்தனை பெருமை.

சடைச்சி சொன்னதை மரம் பொறுமையாகக் கேட்டது. "சொல்லை அடிச்சு நிறுத்த முடியாது மகளே. அடிச்சா எகிறும். அது நுழைய ஆயிரம் சந்து வேணும். ஒவ்வொரு சந்துலயும் உரசி உரசி அதுவாக் களைச்சுப் போகணும். என் சதையை நூல் நூலாப் பிரிச்சா அந்தச் சந்து கெடைக்கும்."

"உன் பழம்?"

"போகும். பறவைகளும் போகும். அது என் பாடு. ஆனா ஒண்ணு கேட்டுக்க. எனக்குள்ள நுழையிற சொல்லுல நல்லது கெட்டது எனக்குப் பிரிக்கத் தெரியாது. நீ கூப்பிட்டியே, வந்துருன்னு, அதுவும் செத்துப் போகும்."

சடைச்சி முகட்டைப் பார்த்தாள். வீரணன் அந்தப் பக்கம் ஒரு காலை எடுத்து வைத்துவிட்டான்.

"ரெண்டும் போகட்டும் ஆத்தா. நானே போய்க் கூப்பிட்டுக்கிறேன்."

என்ன மரம் அது! யாரோ ஒருத்தி வாய்தவறிச் சொன்னதற்காகத் தன் இனிப்பு முழுவதையும் நூலாகப் பிரித்தது. காய்கள் வெடித்தன. வெள்ளைப் பஞ்சு பறந்து பாறைமேலும் புதர்மேலும் படிந்தது. மோத வந்த சொல் பஞ்சுக்குள் நுழைந்தது. வெளியே வர வழி தெரியாமல் இழைக்கு இழை உரசிச் சுற்றியது. களைத்தது. கடைசியில் இத்துனூண்டு கதகதப்பாகி அடங்கிப்போனது. உலகத்தில் முதல் அமைதி அன்றைக்குத்தான் பிறந்தது.

வீரணன் திகைத்து நின்றான். பின்னால் யாரோ மூச்சு வாங்க ஓடிவரும் காலடி கேட்டது.

"கோவம் போயிருச்சா புள்ள?" என்றான்.

"கோவம் அப்பவே போயிருச்சு மாமா. சத்தந்தான் போகல."

இறங்கி வரும்போது, பாறைமேல் கிடந்த பஞ்சை இருவரும் சேர்ந்து அள்ளி வந்தார்கள். துணிக்குள் அடைத்துத் தைத்து, தலைக்கு வைத்துப் படுத்தார்கள். அவள் கோபம் எப்போதும்போல மூக்குக்கு மேல்தான் வந்தது, ஆனால் வார்த்தை எதுவும் அந்த வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

இலவங்காய்க்குள் பழம் போய்ப் பஞ்சு வந்தது அப்போதுதான். அன்று முதல்தான், பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறவர்கள் நகை குறைந்தாலும் குறையட்டும் என்று, இலவம்பஞ்சு மெத்தையும் இரண்டு தலையணையும் மறக்காமல் சீரோடு அனுப்புகிறார்கள்.