ஏறினதை மட்டும் எழுது

எனக்கு முதலில் கெடுதல் செய்தவர் பெயர் நீலமேகம். கரட்டூர் சமஸ்தானத்தின் ரயில் மேற்பார்வையாளர். பெயரைச் சொல்லிவிட்டேன். இனி நிதானமாகக் கதைக்கு வருகிறேன்.

கரட்டூர் ராஜாவுக்குச் சொந்தமாகப் பதினொரு மைல் ரயில் இருந்தது. அதில் நாலாம் மைல் வளைவு என் பொறுப்பு. தினமும் நடந்து பார்த்து, தண்டவாளத்தில் தளர்ந்த ஆப்புகளைச் சுத்தியலால் தட்டி இறுக்க வேண்டும். ஏதாவது நடந்தால் அரண்மனைக்கு அறிக்கை எழுத வேண்டும். ஆப்பு அடிப்பதில் நான் கெட்டிக்காரன். எழுத்தில் அப்படி இல்லை. இரண்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். கூட்டிப் பார்த்தால் நாலாம் வகுப்பு.

அந்த மாதம் வளைவில் மூன்று முறை வண்டி தடம் புரண்டது. தண்டவாளத்தைத் தாங்குகிற மரக்கட்டைகள் உளுத்துவிட்டன என்று மூன்று முறையும் எழுதினேன். ராஜாவுக்குக் கோபம் வந்தது.

"என் ரயில் தடம் புரண்டதென்று இனி ஒரு அறிக்கைகூட வரக்கூடாது" என்றார்.

ராஜா சொன்னது ரயிலை. நீலமேகத்தின் காதில் விழுந்தது அறிக்கை. என்னைக் கூப்பிட்டார்.

"சன்னாசி, இனிமேல் தண்டவாளத்திலிருந்து இறங்கினது எதையும் எழுதாதே. ஏறினதை மட்டும் எழுது."

"ஐயா, கட்டையை மாத்திட்டா எழுதவே வேண்டாமே."

"கட்டையை மாத்த மூணு மாசம். எழுத்தை மாத்த மூணு நிமிஷம். நீ ஒழுங்கா எழுதுற வரைக்கும் உன் சுத்தியல் என்கிட்ட இருக்கட்டும்."

அது என் சொந்தச் சுத்தியல். வேலங்கட்டைப் பிடி, நானே செதுக்கியது. வாங்கி வைத்துக்கொண்டார். நான் கும்பிட்டுவிட்டு வந்தேன். வீரம் எல்லாம் வீட்டுக்கு வந்தபிறகுதான் வந்தது.

"வியாழக்கிழமை சந்தை வண்டியில போகாதே" என்றேன் பெண்டாட்டியிடம். "வளைவு சரியில்லை."

"நீ பார்க்கிற வளைவுதானே?" என்றாள் சீனியம்மா.

"ஆமாம்."

"அப்போ சரியில்லாமத்தான் இருக்கும். கத்தரிக்காய் வாடுது, நான் போகணும்."

நாலு ஊர் ஜனம் போகிற வண்டி அது. கையில் சுத்தியல் இல்லை. ஆப்புகளைக் கல்லால் தட்டிப் பார்த்தேன். கல்தான் உடைந்தது.

புதன்கிழமை நீலமேகமே தன் தனிப்பெட்டியில் வந்தார். வளைவில் பெட்டி மெதுவாகச் சாய்ந்து தரையில் உட்கார்ந்தது. யாருக்கும் அடியில்லை. அடுக்குப்பாத்திரச் சாம்பார் மட்டும் அவர் தலைப்பாகையில் கவிழ்ந்தது. பன்னிரண்டு பேர் தோள் கொடுத்துப் பெட்டியைத் தூக்கி வைத்தோம்.

"நினைவிருக்கட்டும்" என்றார், சாம்பாரைத் துடைத்துக்கொண்டே. "ஏறினதை மட்டும்."

அன்றே எழுதி அனுப்பினேன். அன்று மாலையே தர்பாருக்கு அழைப்பு வந்தது. அரண்மனை எழுத்தர் என் தாளை உரக்கப் படித்தார்.

"நாலாம் மைலில் எதுவும் இறங்கவில்லை. மேற்பார்வையாளர் ஐயாவின் வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறியது."

தர்பார் குலுங்கியது. ராஜாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. நான் எழுத நினைத்தது 'வண்டி'. அடுத்து வரவேண்டிய தண்டவாளத்தை நினைத்துக்கொண்டே எழுதியதில், அதன் வால் முந்திக்கொண்டு வந்து வண்டியில் ஒட்டிக்கொண்டது.

"நீதான் சன்னாசியா? என்ன நடந்தது, சொல்" என்றார் ராஜா.

நீலமேகம் என்னையே பார்த்தார். எனக்கு வேலை போய்விடுமோ என்று பயம். உத்தரவை மீறவில்லை.

"இறங்கினதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை மகாராஜா. ஏறினதைச் சொல்றேன். கட்டையில கறையான் ஏறிச்சு. ஐயா தலைப்பாகையில சாம்பார் ஏறிச்சு. பன்னிரண்டு பேர் தோள்ல பெட்டி ஏறிச்சு. நாளைக்குச் சந்தை வண்டியில நாலு ஊர் ஜனம் ஏறும். அதுக்கு மேல என் வாயில ஏறலை."

ராஜாவின் சிரிப்பு நின்றது.

"நாளைக்குச் சந்தை வண்டி போகாது. ஜனங்களுக்கு அரண்மனை மாட்டுவண்டிகளை அனுப்புங்கள். நீலமேகம், கட்டை மாற்றியதும் முதல் வண்டியின் முன்னால் நீர் உட்கார்ந்து போக வேண்டும். இவன் சுத்தியலையும் திருப்பிக் கொடும்."

எனக்குப் பட்டுச் சால்வை போர்த்தி 'சாதுர்யச் சன்னாசி' என்று பட்டம் கொடுத்தார். ஊரில் யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. 'வண்டவாளம்' என்றுதான் இன்றுவரை கூப்பிடுகிறார்கள். சீனியம்மா உட்பட.

கட்டைகள் மூன்று வாரத்தில் மாறின. சுத்தியல் வரவில்லை. ராஜாவுக்குச் சிரித்தது நினைவிருந்தது, சொன்னது மறந்துவிட்டது. அரண்மனையில் வேறு சுத்தியல் கொடுத்தார்கள், பிடி கைக்கு அடங்கவில்லை. நீலமேகம் ஓய்வு பெறுகிற வருடம்வரை அவரிடம் என் சுத்தியலைக் கேட்டு எழுதினேன். ஒரே ஒரு முறை பதில் வந்தது, அரசாங்க முத்திரையோடு:

"தங்கள் சுத்தியல் எமது பரணில் ஏறியுள்ளது. இறங்கியவற்றைப் பற்றி எழுதும் வழக்கம் இந்த அலுவலகத்தில் இல்லை."