இடது பக்கத்துச் சிவப்பு நூல்

ஆற்றங்கரை மடத்தில் தீட்சை கேட்டு வருகிறவர் தன்னிடம் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்கும்போது பொருளின் குறையை மட்டும் சொல்ல வேண்டும். நிறையை வாங்கினவர் தானே கண்டுகொள்வார். சில நாள் வைத்துப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தரலாம். திரும்பி வந்த பொருள் கொடுத்த பொருள் ஆகாது.

தீட்சை கேட்டு வந்த தங்கப்பழம் தாராளமாகவே கொடுத்தார். செயின் கழன்றுவிடும் என்று சொல்லி சைக்கிளைக் கொடுத்தார். கொஞ்சம் முந்தி ஓடும் என்று சொல்லி கைக்கடிகாரத்தைக் கொடுத்தார். முடி கொட்டும் என்று சொல்லி மஸ்கட் கம்பளியைக் கொடுத்தார். எதுவும் திரும்பி வரவில்லை.

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய எம்பி3 பிளேயர். செல்போனில் பாட்டுக் கேட்கும் காலத்துக்கு முன்னால் வந்தது. அதைக் கொடுத்துவிட்டால் தீட்சை. அவர் மடத்துக்கு வந்ததே அதற்காகத்தான். வேலையும் முடிந்து, பிள்ளைகளும் ஆளுக்கொரு ஊரில் குடித்தனம் வைத்த பிறகு, மனசு ஓரிடத்தில் உட்காராமல் அலைந்துகொண்டிருந்தது. இங்கே வந்தால் உட்கார்ந்துவிடும் என்று நம்பினார்.

முதலில் சமையல் பார்க்கும் பிரம்மசக்தியிடம் கொடுத்தார்.

"குறை சொல்லுங்க அண்ணாச்சி."

"பேட்டரி சீக்கிரம் தீந்துரும். பேட்டரி மூடி நிக்காது, ரப்பர் பேண்டு போட்டிருக்கேன். பத்துப் பாட்டுதான் இருக்கு. புதுசா ஏத்த முடியாது, அதுக்கு உண்டான வயரு தொலைஞ்சு போச்சு. பட்டனை அமுக்கிப் பிடிச்சாத்தான் ஆன் ஆகும். அதுவும் அது நெனைச்சாத்தான்."

"அவ்வளவுதானா?"

"இயர்போன்ல இடது பக்கம் கேக்காது. சிவப்பு நூல் சுத்தியிருக்கு பாருங்க, அது. அதைக் காதுல வைக்கவே வேண்டாம்."

மற்ற பொருளுக்கெல்லாம் ஒரு குறை சொன்னவர் இதற்கு மூச்சு விடாமல் அடுக்கினார். பெண்ணைக் கட்டிக்கொடுக்க மனசில்லாத அப்பா மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசுகிற மாதிரி இருந்தது.

பிரம்மசக்தி அதை அடுத்த சந்தை நாளுக்குள் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"இது பாட்டுப் பெட்டி இல்ல அண்ணாச்சி, பேட்டரி தின்னிப் பெட்டி. எனக்கு அடுக்களை ரேடியோவே போதும்."

தங்கப்பழம் முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. துண்டு முனையால் பிளேயரைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்து தோட்டக்காரர் சுடலைமுத்து வாங்கினார். அவரும் திருப்பித் தந்தார்.

"பாட்டு எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒத்தைக் காதுல கேக்கது அரை வயித்துக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கு அண்ணாச்சி."

மூன்றாவது, ஓய்வு பெற்ற தாசில்தார் நெல்லையப்பர். மடத்துக்கு மாதம் தவறாமல் வருகிறவர். கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே சிரித்தார்.

"பத்துப் பாட்டா? என் பேரன் போன்ல பத்தாயிரம் இருக்கு."

"அவ்வளவையும் கேட்டுட்டானா?" என்றார் தங்கப்பழம்.

நெல்லையப்பருக்குச் சுருக்கென்றது. பிளேயரை வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குக் குறை சொல்லத் தனக்கு மட்டும்தான் உரிமை என்று தங்கப்பழம் நினைத்தார் போலும்.

அன்று சாயங்காலம் குரு வடிவம்மையிடம் போனார். வடிவம்மை அவரைவிட வயதில் சின்னவர். அவருக்கு வடிவம்மை அம்மா, வடிவம்மைக்கு அவர் அண்ணாச்சி. இரண்டு பேருக்கும் இதில் ஒரு சங்கடமும் இல்லை.

வடிவம்மை படித்துறையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, இது யாருக்கும் வேண்டாமாம். மூணு பேரும் திருப்பிக் குடுத்துட்டாங்க. இதை வச்சுக்கிட்டே தீட்சை வாங்கலாமா?"

"நீங்க என்ன நெனைக்கீங்க?"

"நெல்லையப்பர் என்ன சொல்லுதாருன்னா..."

"நீங்க, அண்ணாச்சி."

நாலு பேரைக் கேட்காமல் தங்கப்பழத்துக்கு எதையும் செய்து பழக்கமில்லை. துண்டு வாங்கினால்கூடக் கடையில் நிற்கிறவர்களிடமெல்லாம் கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்.

"இது ஏது?" என்று வடிவம்மையே கேட்டார்.

"மஸ்கட்ல நானும் மிக்கேலும் சேந்து வாங்கினது. ஆளுக்குப் பாதி. ஒரு மாசம் எங்கிட்ட இருக்கும், ஒரு மாசம் அவன்கிட்ட இருக்கும். அவன் மணப்பாட்டுக்காரன். கேம்ப்ல ஒரே ரூம். வேலை முடிஞ்சு திரும்பி வர ரொம்ப நேரமாகும், பஸ்ஸுல கடைசி சீட்டுல உக்காந்து இதைக் கேப்போம். வலது பக்கம் எனக்கு, இடது பக்கம் அவனுக்கு."

"இந்தச் சிவப்பு நூல்?"

"அவன் சுத்தினது. உன் காது அழுக்கு எனக்கு எதுக்குலன்னு சொல்லிச் சுத்தினான். அதுல இருந்து மாத்தினதே கிடையாது."

சொல்லும்போது சிரித்தார். சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது.

"அஞ்சாவது பாட்டு ஒண்ணு உண்டும்மா. மெதுவான பாட்டு. அதுல குழல் வரும்பான் அவன். அந்தக் குழல் வரும்போது எங்க வீட்டு வாசல்ல நிக்க மாதிரி இருக்குல, அப்படிம்பான். நான் காதைத் தீட்டிக்கிட்டுக் கேப்பேன். குழலே கிடையாது. ஏலே, எந்தக் குழலு, உனக்கு ஊர் ஞாபகம் முத்திப் போச்சும்பேன்."

"பிறகு?"

"ஒரு வெள்ளிக்கிழமை, லீவு. ரூம்ல எல்லாரும் இருந்தாங்க. பேச்சு பெருசாயிட்டு. சரி, நாலு பேரைக் கேட்டுருவோம்னு ஒவ்வொருத்தன் காதுலயும் வச்சு அந்தப் பாட்டைப் போட்டேன். குழல் இருக்கா, சொல்லுங்கன்னேன். ஒருத்தன்கூட இருக்குன்னு சொல்லல. வெயில்ல அவனுக்கு மூளை கலங்கிட்டுன்னாங்க. அன்னையில இருந்து அவனுக்குக் 'குழலு'ன்னு பேராயிட்டு. கேம்ப் முழுக்க அதைச் சொல்லிக் கூப்பிட்டாங்க."

வடிவம்மை கீரையைக் கீழே வைத்தார்.

"நானும் கூப்பிட்டேன்," என்றார் தங்கப்பழம்.

ஆற்றில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது.

"அவன் வேற ரூமுக்கு மாறிட்டான். கொஞ்ச நாள்ல ஊருக்கே போயிட்டான். எங்கிட்டச் சொல்லல. நான் வேலை முடிஞ்சு வந்து பாக்கேன், என் தலையணை மேல இது இருக்கு. அந்த மாசம் இது அவன்கிட்ட இருக்க வேண்டிய மாசம்மா."

"இப்ப எங்க இருக்கார்?"

"மணப்பாட்டுலதான். மீன்பிடி போட்டு எஞ்சின் ரிப்பேர் பாக்கானாம்."

"போய்ப் பாக்கலையா?"

"மொதல்ல கோவம். சொல்லாமப் போயிட்டானேன்னு. பொறகு கோவம் போயிட்டு. ஆனா என்ன சொல்லிக்கிட்டுப் போய் நிக்க? வருசமும் ஆயிட்டு."

"பாக்கணும்னு ஆசை?"

"அது மட்டும் போகலம்மா. சாயங்காலம் ஆனா இதைக் காதுல வைக்கேன். பக்கத்துல பஸ் சீட்டு காலியா இருக்க மாதிரி இருக்கு. இது இருந்தா மனசு உக்கார மாட்டேங்குது. இதைக் குடுத்துட்டா உக்காந்துருமோன்னு நெனைச்சேன்."

வடிவம்மை கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

"எனக்குக் கொடுங்க."

தங்கப்பழம் இதை எதிர்பார்க்கவில்லை. மடியிலிருந்து எடுக்க நேரமாயிற்று.

"குறை சொல்லுங்க."

அவர் சொன்னார். பேட்டரியைச் சொன்னார், மூடியைச் சொன்னார், பத்துப் பாட்டைச் சொன்னார், பட்டனைச் சொன்னார். இந்த முறை குரல் கீழே இறங்கியிருந்தது.

"இடது பக்கம் கேக்காது," என்று முடித்தார்.

"காதுல வச்சுப் பாத்தீங்களா?"

தங்கப்பழம் ரப்பர் பேண்டைச் சரிசெய்வதில் மும்முரமாக இருந்தார். வடிவம்மை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதன் பிறகு தங்கப்பழத்துக்குச் சாயங்காலங்கள் போதும் போதும் என்றாகிவிட்டன. படித்துறைக்கு வருவார், பழக்க தோஷத்தில் மடியைத் தடவுவார். வலது காதில் விரலை விட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். பிரம்மசக்தி பார்த்துவிட்டு, காதுவலி என்று நினைத்துப் பூண்டெண்ணெய் காய்ச்சிக் கொடுத்தாள். அவரும் மறுக்காமல் விட்டுக்கொண்டார்.

அம்மாவும் திருப்பித் தந்துவிட மாட்டாரா என்று இருந்தது. தந்துவிட்டால் தீட்சை இல்லை. அதை நினைத்தாலும் கலக்கமாக இருந்தது. இரண்டையும் விட முடியாமல் தவித்தார்.

ஒருநாள் பூசை முடிந்ததும் வடிவம்மை கூப்பிட்டனுப்பினார். பிளேயர் ஒரு மஞ்சள் துணி மேல் இருந்தது. ரப்பர் பேண்டு புதிது.

"உக்காருங்க அண்ணாச்சி. பேட்டரிக் குறை சரிதான். மூடியும் சரிதான். பத்துப் பாட்டு, அதுவும் சரி. பட்டன் என்னையும் பாடாப் படுத்திட்டு."

"திருப்பித் தாரீங்களாம்மா?"

"ஒரு குறை மட்டும் நீங்க சொன்ன மாதிரி இல்ல."

சிவப்பு நூல் சுற்றின பக்கத்தை எடுத்து நீட்டினார்.

தங்கப்பழம் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அது அவனோடதும்மா."

"தெரியும். வைங்க."

"வேண்டாம்மா."

"மிக்கேல் இங்க இருந்தா வேண்டாம்பாரா?"

அவர் வாங்கினார். நூல் வெளுத்து, தொட்டால் பிரிந்துவிடும் போல இருந்தது. எந்தக் காதில் வைப்பது என்று தெரியாதவர் மாதிரிக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, இடது காதில் வைத்துக்கொண்டார். வடிவம்மை பட்டனை அமுக்கிப் பிடித்தார். அது நினைத்தபோது ஆன் ஆயிற்று. ஐந்தாவது பாட்டுக்குப் போனார்.

இந்தப் பக்கத்தில் தபலா இல்லை. பாடுகிறவரின் குரல் தெரிந்த குரல்தான். முதல் வரி முடிந்தது. அந்த இடத்தில் பாடுகிறவர் மூச்சு வாங்குகிறார் என்றே தங்கப்பழம் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார்.

அங்கே குழல் வந்தது.

சின்னதாக வந்து, மேலே ஏறி, எதையோ சொல்ல வந்து சொல்லாமல் இறங்கியது. இரண்டாவது வரி முடிந்ததும் மறுபடியும் வந்தது. அவர் அசையாமல் இருந்தார். பாட்டு முடிகிறவரை ஒவ்வொரு வரிக்கும் அது தவறாமல் வந்துகொண்டே இருந்தது.

"இருக்கு," என்றார்.

கண்ணீரைத் துடைக்கவும் தோன்றவில்லை அவருக்கு.

"அத்தனை பேரையும் கேட்டேனேம்மா. ஒருத்தன்கூடச் சொல்லலையே."

"அவங்க காதுல எந்தப் பக்கத்தை வச்சீங்க?"

"என்னோடதைத்தான். அவன் பக்கத்தை யாரும் தொட மாட்டோம்."

"தபலா உங்க பக்கம் வருது. குழல் அவர் பக்கம் வருது. பாடுத குரல் ரெண்டு பக்கமும் வருது."

தங்கப்பழம் சிவப்பு நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இயர்போனைக் கழற்றி மஞ்சள் துணி மேல் வைத்தார்.

"நீங்களே வச்சுக்கிடுங்கம்மா. எனக்கு இனி இதைத் தொட யோக்கியதை கிடையாது."

"நான் எப்படி வச்சுக்கிட? பாதிதான் உங்களுது. பாதியை வச்சுக்கிட்டு முழுசையும் ஊருக்கெல்லாம் கொடுத்துக்கிட்டு இருந்திருக்கீங்க."

அவர் அதை எண்ணிப் பார்த்தே இருக்கவில்லை.

"அப்ப தீட்சை?"

"பொருள் போன பிறகு வாங்க."

தங்கப்பழம் எழுந்தார். மறுபடியும் உட்கார்ந்தார்.

"மணப்பாட்டுக்குக் காலையில பஸ் உண்டும்மா."

"உண்டு."

"அவன் வாங்குவானா?"

வடிவம்மை பிளேயரை இயர்போனோடு துணியில் சுற்றி முடிச்சுப் போட்டு அவர் கையில் கொடுத்தார்.

"கொடுக்கும்போது மடத்து வழக்கப்படி கொடுங்க. குறை சொல்லிக் கொடுங்க."

"சொல்லுதேன். பேட்டரி நிக்காது, மூடி..."

"அதெல்லாம் அவருக்குத் தெரிஞ்சதுதானே அண்ணாச்சி."

"பின்னே எதைச் சொல்லட்டும்?"

"வலது பக்கத்துல குழல் கேக்காதுன்னு சொல்லுங்க."